ஆவாரை வைத்தால் தேனீ வருமா?

அருப்புக்கோட்டை பக்கம் கரிசல் நிலத்தில் முருங்கையும் கத்தரியும் வைத்திருக்கிறீர்கள். கிணறு சித்திரையிலேயே தரை தட்டிவிடுகிறது. தண்ணீர் கேட்காத, நம் மண்ணுக்கே உரிய பூச்செடி ஒன்றை வேலியோரம் வைத்தால் தேனீ வரும், காய்ப்பு கூடும் என்று நினைத்து, தை மாதம் பண்ணையில் ஆவாரை நாற்று வாங்கி நட்டு, தினமும் தண்ணீர் விட்டும் எல்லாம் பட்டுப்போய்விட்டன. ஆவாரை சரியான தேர்வுதானா, எப்படி வளர்ப்பது, கருவண்டு நிறைய வரும் என்கிறார்களே, பிள்ளைகளைக் கொட்டாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்டவரை, ஆவாரை உங்கள் ஊரில் பிழைக்குமா என்பது உங்கள் சந்தேகம் இல்லை. ரோட்டோரம் யாரும் நடாமலே பூத்துக் கிடப்பதைத் தினம் பார்க்கிறீர்கள். அதை வைத்தால் எந்தப் பூச்சி வரும், அந்தப் பூச்சியால் உங்கள் பயிருக்கு என்ன பயன் என்பதுதான் கேள்வி. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் தாவரவியல் படித்தவன். மானாவாரி நிலங்களுக்கு நாட்டுச் செடிகளை விதையிலிருந்து வளர்த்துக் கொடுப்பது பல வருடமாக என் தொழில். பூச்சியியல் நான் முறையாகப் படித்த பாடம் இல்லை. தேனீக்களைப் பற்றி இங்கே சொல்பவை, படித்ததில் செடிப் பக்கத்தில் நின்று நானே பார்த்து ஒத்துப்போனவை மட்டும்.

ஆவாரையை தாராளமாக வையுங்கள். ஆனால் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அது தீவனம் ஆகும் என்று எதிர்பார்த்து வைக்காதீர்கள். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. அவ்வளவு பளிச்சென்ற மஞ்சள் பூவுக்குள் ஒரு சொட்டு மதுகூட இல்லை என்றால் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் அது உறுதியான விஷயம். அந்தப் பூ கொடுப்பது மகரந்தம் மட்டும்தான், அதையும் எல்லோருக்கும் கொடுத்துவிடாது.

ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஐந்து இதழ்களுக்கு நடுவே பத்து மகரந்தத் தாள்கள் இருக்கும். மேலே உள்ள மூன்று சிறுத்துப்போய், மகரந்தம் இல்லாமல் வெறுமனே நிற்கும். நடுவில் உள்ளவை குட்டையாக இருக்கும். கீழே உள்ளவை நீண்டு, கொக்கிபோல் வளைந்திருக்கும். செம்பருத்தியிலோ பூசணியிலோ மகரந்தப்பை வெடித்துத் தூள் வெளியே ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அப்படி வெடிக்காது. பையின் நுனியில் சிறு துளை மட்டும் இருக்கும். மூடியில் ஓட்டை போட்ட பவுடர் டப்பா மாதிரி, குலுக்கினால்தான் தூள் வெளியே வரும். அந்தக் குலுக்கல் எல்லாத் தேனீக்கும் வராது.

கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத்தேனீ, வயிற்றில் நீலப் பட்டை போட்ட நீலப்பட்டைத் தேனீ, இன்னும் சில சிறு தனித்தேனீக்கள் இதைச் செய்கின்றன. காலை வெயில் ஏறும் நேரத்தில் பூத்த ஆவாரை ஒன்றின் பக்கத்தில் அசையாமல் நின்றால் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். கருவண்டு பறந்து வரும்போது கனத்த ரீங்காரம் கேட்கும். பூவில் உட்கார்ந்து நடுத் தாள்களைக் காலால் கட்டிப்பிடித்ததும் அந்த ஒலி நின்று, வேறு சுதியில், சுருக்கமாக, கீச்சென்று ஒரு அதிர்வு கேட்கும். இறக்கையை விரிக்காமல், பறக்கும் தசையை மட்டும் அதிரச் செய்யும் ஒலி அது. அந்த அதிர்வில் துளை வழியாக மகரந்தம் சிதறி வண்டின் வயிற்றில் விழும். அதே நேரம் கீழே வளைந்திருக்கும் நீண்ட தாள்கள், வண்டு தன் காலால் எளிதில் துடைத்தெடுக்க முடியாத இடத்தில் கொஞ்சம் மகரந்தத்தைத் தடவிவிடும். அடுத்த பூவின் சூல்முடி போய்த் தொடுவதும் அதே இடத்தைத்தான். குட்டைத் தாள்கள் வண்டுக்குச் சோறு போடுகின்றன, நீண்ட தாள்கள் செடியின் இனப்பெருக்கத்தைப் பார்த்துக்கொள்கின்றன. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், ஒரு பூவில் சூல்தண்டு இடப்பக்கமும் வேறொரு பூவில் வலப்பக்கமும் வளைந்திருப்பது தெரியும். நான் எத்தனை முறை பார்த்தாலும் இந்தப் பூவின் அமைப்பில் மனம் நின்றுவிடுகிறது.

பெட்டித் தேனீயும், மலைத்தேனீயும், கொம்புத்தேனீயும் இப்படி அதிரச் செய்ய அறியாதவை. அவை ஆவாரம்பூவில் உட்கார்ந்திருப்பதையும் பார்க்கலாம், கொசுத்தேனீயும் வரும். ஏற்கெனவே கருவண்டு உலுக்கிச் சிதறிய தூளை இதழிலிருந்து பொறுக்கிக்கொண்டு போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஆகவே ‘தேனீ வருமா’ என்றால் வரும், ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் தேனீ அல்ல.

உங்கள் நிலத்துக்கு இது குறையல்ல, அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். கத்தரிப் பூவும் இதே ரகம்தான். அதன் மகரந்தப்பைகளும் நுனித் துளை வழியாகவே தூளை விடும். காற்றில் ஆடியும் ஓரளவு தானே மகரந்தம் சேர்ந்துவிடும் என்பதால் வண்டே இல்லாவிட்டாலும் கத்தரி காய்க்கும். வண்டு வந்து உலுக்கும் தோட்டத்தில் காய்ப்பிடிப்பு நன்றாக இருக்கும். தக்காளியும் அப்படியே. முருங்கைப் பூவில் தேன் உண்டு, பல பூச்சிகள் வரும், ஆனாலும் கனமான உடம்போடு வந்து பூவுக்குப் பூ மகரந்தம் மாற்றுவதில் கருவண்டு நல்ல உழைப்பாளி. அதாவது நீங்கள் வளர்க்கும் இரண்டு பயிருக்கும் தேவையான பூச்சிக்கு, பயிர் பூக்காத நாளிலும் உணவு தருகிற செடி ஆவாரை.

காய்ப்பு எவ்வளவு கூடும் என்று கேட்டால் ஒரு எண்ணைச் சொல்லி உங்களை நம்பவைக்க மாட்டேன். அது சுற்றிலும் என்ன இருக்கிறது, எத்தனை வண்டு ஏற்கெனவே இருக்கிறது, என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கத்தரியில் சூல்தண்டு குட்டையாக இருக்கும் பூக்கள் எப்படியும் உதிர்ந்துவிடும், எத்தனை வண்டு வந்தாலும் அவை காய்க்காது. அதைப் பார்த்துவிட்டு ‘வேலி வைத்தும் பூ கொட்டுகிறதே’ என்று மனம் உடையாதீர்கள். ஆவாரையும் கத்தரியும் ஒரே நேரத்தில் பூத்தால் வண்டு ஆவாரையிலேயே தங்கிவிடாதா என்ற கேள்வியும் நியாயமானது. சில வாரங்களுக்கு அப்படி நடக்கலாம். ஆனால் கருவண்டுகள் நீண்ட காலம் வாழ்பவை. கத்தரி ஓய்ந்த பிறகும் பக்கத்தில் சாப்பாடு இருந்தால்தான் அந்த இடத்திலேயே கூடு வைக்கும். வருடக் கணக்கில் பார்த்தால் உங்களுக்கு லாபம்தான் என்பது என் கணிப்பு. இதைக் கணிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேன் இல்லாததால் ஆவாரையோடு தேன் தரும் செடிகளையும் கலந்து வைத்தாக வேண்டும். கருவண்டுக்கும் குடிக்கத் தேன் வேண்டுமே. நொச்சிதான் என் முதல் தேர்வு. மழைக்காலத்தில் போத்து வெட்டி ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும், ஆடு மாடு தொடாது, நீலப் பூங்கொத்தில் தேனீ மொய்க்கும். எருக்கை வெட்டி எறியாதீர்கள். கோடையில் மற்றதெல்லாம் காய்ந்து நிற்கும்போது கருவண்டுக்குத் தேன் தருவது அதுதான். எருக்கம்பூவுக்கு மகரந்தம் கடத்துவதும் அந்த வண்டே. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவும் எருக்கிலையில்தான் வளரும். மழைக்குப் பிறகு தானாக முளைக்கும் தும்பையைக் களை என்று பிடுங்காமல் வேலியோரம் மட்டுமாவது விட்டுவையுங்கள். பூ சின்னதுதான், ஆனால் தேனீக்கள் அதை விட்டு நகராது. துத்தி மதியத்துக்கு மேல் பூக்கும் செடி, காலையில் பூக்கும் மற்றவற்றுக்குப் பின்பாட்டு அது பாடும். கிலுகிலுப்பை ஒன்றிரண்டு இருந்தால் வரியன் வகை வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் அதன் வாடிய தண்டிலும் காயிலும் வந்து உட்கார்ந்து உறிஞ்சும். அவை தேடி வருவது தேனை அல்ல, பெண்ணைக் கவரும் வாசனைக்குத் தேவையான ஒரு வேதிப்பொருளை. வாய்க்கால் ஓரம் ஒரு புங்கையும் வேம்பும் இருந்துவிட்டால் பங்குனி, சித்திரையும் ஓடிவிடும்.

உண்ணிச்செடியை வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் வேண்டாம். வண்ணத்துப்பூச்சி அதற்கும் நிறைய வரும், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி நம் காடுகளில் பரவி என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை நேரில் பார்த்தவர்கள் தங்கள் வேலியில் ஒன்றுகூட வைக்க மாட்டார்கள்.

வண்ணத்துப்பூச்சி என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆவாரையில் தேன் இல்லாததால் அவை பூவுக்காக வருவதில்லை, இலைக்காக வரும். வெளிர் மஞ்சளும் வெள்ளையுமாகப் பறக்கும் கொன்னை வெள்ளையன் வகைகளும் சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளும் ஆவாரை, கொன்றை, தகரை இனங்களில் முட்டையிடும். இளந்தளிரில் சிறு வெள்ளை நெல்மணிபோல் ஒற்றையாக நிமிர்ந்து நிற்கும் முட்டையைப் பார்க்கலாம். பிறகு பச்சைப் புழு வரும், பக்கவாட்டில் வெளிர்க் கோடும் சிறு கரும்புள்ளிகளும் இருக்கும். மழைக்குப் பிந்தைய சில வாரங்களில் ஒரு கிளை முழுவதையும் மொட்டையடித்துவிடும். அதைப் பார்த்துப் பதறி மருந்து அடித்துவிடுகிறார்கள். அடிக்க வேண்டாம். வேரூன்றிய ஆவாரை அடுத்த தூறலுக்குத் தளிர்த்துக்கொள்ளும். வண்ணத்துப்பூச்சி வேண்டும், புழு வேண்டாம் என்றால் நடக்காது.

சரி, உங்கள் நாற்றுகள் ஏன் போயின? தூரத்திலிருந்து நான் உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்களே கண்டுபிடிக்கலாம். பட்ட செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். பை வடிவத்திலேயே வேர் சுருண்டு, ஆணிவேர் அடியில் கொக்கிபோல் திரும்பியிருந்தால் குற்றம் பையில். ஆவாரை முளைத்த சில வாரங்களிலேயே ஆணிவேரை ஆழத்துக்கு அனுப்பும் செடி. அரையடிப் பையில் ஆறு மாதம் வைத்திருந்தால் வேர் போக இடமின்றி வட்டம் போடும், அப்புறம் நல்ல மண்ணில் வைத்தாலும் கீழே இறங்காது. வேர் கருத்து, தோல் கையோடு உரிந்து, நாற்றம் அடித்தால் தண்ணீர் அதிகம். கரிசல் தண்ணீரை எளிதில் விடாது, அதில் தினமும் ஊற்றினால் வேருக்கு மூச்சு விட வழியில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. தை மாதத்தில் நட்டதும் ஒரு காரணம். மழை முடிந்து, வேர் பிடிக்கும் முன்பே வெயில் வந்துவிட்டது.

அத்தோடு, வாங்கியது ஆவாரைதானா என்பதையும் பாருங்கள். மஞ்சள் பூ பூக்கும் எதையும் ஆவாரை என்று கொடுத்துவிடுவது பண்ணைகளில் சகஜம். அடையாளம் எளிது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் மாதிரி அகன்ற இரண்டு இலையடிச் செதில்கள் இருக்கும். சென்னா ஆரிகுலேட்டா என்ற தாவரவியல் பெயரில் ஆரிகுலேட்டா என்பதே அந்தக் காதைப் பார்த்து வந்தது. இலையில் எட்டு முதல் பன்னிரண்டு இணைச் சிற்றிலைகள், ஒவ்வோர் இணைக்கும் நடுவே ஊசிபோல் நிமிர்ந்த சுரப்பி ஒன்று, தட்டையாக, காகிதம்போல் மெல்லிய காய். இவை இருந்தால் ஆவாரை. பேயாவாரை, தகரை, சீமை அகத்தி எல்லாம் உறவுக்காரர்கள்தான், ஆனால் ஆள் வேறு. மதுரை, விருதுநகர்ப் பக்கம் சாலை அழகுக்கு வைக்கும் மஞ்சள் மணிப்பூச் செடி இந்தக் குடும்பமே இல்லை. சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் அயல்நாட்டு மஞ்சள் கொன்றையை மட்டும் தெரியாமல்கூட வாங்கிவிடாதீர்கள். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் அது பரவி, வனத்துறை வேரோடு அகற்றிக்கொண்டிருக்கிறது.

என்னைக் கேட்டால் நாற்றே வாங்க வேண்டாம், நேரடியாக விதைத்துவிடுங்கள். மாசி, பங்குனியில் உங்கள் ஊர் ரோட்டோரத்திலேயே காய் பழுப்பாகி, ஆட்டினால் சலசலவென்று சத்தம் வரும் நிலையில் இருக்கும். பல செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரே செடியை மொட்டையடித்தால் அந்த இடத்துக்கும் நல்லதில்லை, உங்கள் வேலியில் எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகளாகவும் ஆகிவிடும். அந்த மண்ணில், அந்த வெயிலில் பல தலைமுறையாகப் பிழைத்த செடியின் விதை, எங்கிருந்தோ வரும் பாக்கெட் விதையைவிட மேல் என்று நான் திடமாக நம்புகிறேன். காயை உடைத்துக் கொட்டியதும் குண்டூசி துளைத்தது போல் ஓட்டை விழுந்த விதைகளைக் கழித்துவிடுங்கள். உள்ளே வண்டு தின்றிருக்கும். ஆவாரையில் இது நிறைய இருக்கும், கைநிறைய எடுத்தால் பாதி தேறினாலே பெரிது என்று நினைத்துக்கொண்டு கூடுதலாகச் சேகரியுங்கள்.

விதையின் தோல் கல் மாதிரி. அப்படியே போட்டால் நூற்றுக்குச் சில மட்டும் முளைக்கும், மிச்சம் மண்ணுக்குள் வருடக் கணக்கில் காத்துக்கிடக்கும். காட்டில் அது செடிக்கு நல்லது, ஒரு மழை பொய்த்தாலும் வம்சம் அழியாது. நமக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் விதை மேல் ஊற்றி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். அடுப்பில் வைத்தே வேகவைத்துவிடக் கூடாது. காலையில் பார்த்தால் சில விதைகள் ஊதி ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கும். அவற்றை அன்றே விதைக்க வேண்டும், காயவிட்டால் போச்சு. ஊறாமல் அப்படியே கிடப்பவற்றை உப்புத்தாளில் தேய்த்தோ கரடுமுரடான தரையில் மணலோடு சேர்த்துத் தேய்த்தோ மறுபடி ஊறவையுங்கள். குறைவான விதைதான் என்றால் முதலிலேயே தேய்ப்பதுதான் நம்பிக்கையான வழி. சுடுதண்ணீர் சூட்டில் கொஞ்சம் தவறினாலும் கரு வெந்துவிடும்.

விதைக்க வேண்டிய காலம் புரட்டாசி. உங்கள் பக்கம் மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்குச் சற்று முன்னால் விதை மண்ணில் இருந்தால் முழுப் பருவமும் வேர் இறக்கக் கிடைக்கும். கரிசலில் சமதரையில் போடாமல் ஓர் அடி உயரத்துக்கு வரப்பு மாதிரி மேடு கட்டி அதன் மேல் போடுங்கள். வறட்சியைத் தாங்கும் செடி, ஆனால் காலடியில் தண்ணீர் நிற்பதைத் தாங்காது. கார்த்திகையில் கரிசலில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சரளையோ சுண்ணாம்புக் கல்லோ கலந்த மண் இருந்தால் மேட்டில் சேர்த்துக்கொள்ளலாம், அது ஆவாரைக்குப் பிடித்த மண். அடர்த்தியான வேலி வேண்டுமானால் இரண்டடிக்கு ஒரு குழி, பூ நிறைய வேண்டுமானால் ஐந்தாறு அடி விட்டு. குழிக்கு மூன்று நான்கு விதை, அரை விரற்கடை ஆழம், முளைத்த பிறகு திடமான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும். முதல் மூன்று மாதம் சுற்றிலும் புல் அண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை. எரு, உரம் எதுவும் தேவையில்லை. ஊட்டம் மிகுந்தால் இலைதான் பெருக்கும், பூ குறையும்.

முதல் கோடையில் மட்டும் செடி இலை சுருட்டித் தொங்கினால் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஆழமாக ஒரு குடம். தினமும் ஒரு சொம்பு என்ற பழக்கம் வேண்டாம், அது வேரை மேலேயே நிறுத்தி வைக்கும். இரண்டாம் வருடத்திலிருந்து நீங்கள் தண்ணீரை மறந்துவிடலாம். மழை நன்றாக இருந்தால் அடுத்த வருடமே பூக்கத் தொடங்கும். வருடம் முழுக்க ஆங்காங்கே பூத்தாலும், மழையை ஒட்டி ஐப்பசி முதல் தை வரைதான் செடி மஞ்சளாகவே மாறி நிற்கும். நம் பக்கம் பொங்கல் காப்புக் கட்டுக்குப் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் ஆவாரம்பூ சேர்வதும் அதனால்தான். தெலங்கானாவில் இதே பூவை தங்கேடு என்று சொல்லி பதுகம்மா என்னும் பூத்திருவிழாவுக்கு அடுக்குகிறார்கள், அந்த மாநிலத்தின் மலரும் இதுதான். புதிய துளிரின் நுனியில்தான் பூ வரும். ஆகவே காய் முற்றியபின், ஆடிக்கு முன்னால், மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் கழித்துவிட்டால் அடுத்த மழைக்குப் பக்கக் கிளை வெடித்து நிறையப் பூக்கும். வேலி முழுவதையும் ஒரே நாளில் கழிக்காமல் ஒரு வருடம் ஒரு பக்கம், அடுத்த வருடம் மறுபக்கம் என்று செய்யுங்கள். வந்து தங்கிய பூச்சிகளுக்கு ஒதுங்க இடம் வேண்டும்.

ஆவாரை பயறு குடும்பம், அதனால் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் என்று பலர் எழுதுகிறார்கள், உங்களுக்கும் சிலர் சொல்லியிருப்பார்கள். குடும்பம் அதுதான். ஆனால் ஆவாரை சேர்ந்த சென்னா இனத்துச் செடிகளின் வேரில், தழைச்சத்தைப் பிடிக்கும் முடிச்சுகள் உண்டாவதில்லை. காற்றிலிருந்து தழைச்சத்தை அது எடுத்துத் தராது. இலையை வெட்டி வயலில் மிதிப்பது நம் பழைய வழக்கம், அந்தத் தழையுரத்தால் மண்ணுக்கு நன்மை உண்டு. அது வேறு கணக்கு. சர்க்கரை நோய்க்கு ஆவாரம்பூ கஷாயம் பற்றிக் கேட்காமலே சிலர் பேச்சை அங்கே கொண்டுபோவார்கள். நான் மருத்துவன் இல்லை, அதில் எதுவும் சொல்லமாட்டேன். பூவை விற்கலாம், நாட்டு மருந்துக் கடைகள் வாங்கும். ஆனால் வண்டுக்காக வைத்த வேலியில் காலை ஏழு மணிக்கே பூவையெல்லாம் பறித்துவிட்டால் வண்டுக்கு என்ன மிஞ்சும் என்பதை யோசியுங்கள்.

செடியைவிட முக்கியமான ஒன்று மருந்து. காய்ப்புழுவுக்காகக் கத்தரியில் அடிக்கும் அளவுக்கு வேறு காய்கறியில் அநேகமாக அடிப்பதில்லை. ஒரு கருவண்டு வாழ்நாளில் இடும் முட்டைகள் மிகக் குறைவு, ஒரு கூட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம். பெட்டித் தேனீ போல் ஆயிரக்கணக்கில் கூட்டம் இல்லை. பூவில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய் செத்தால் அந்தக் கூடே முடிந்தது. மருந்தைத் தவிர்க்கவே முடியாது என்றால் பூச்சி நடமாட்டம் அடங்கிய மாலையில், வேலிப் பக்கம் காற்று வீசாத நாளில் அடியுங்கள். செடி வழியாக ஊடுருவி மகரந்தம்வரை போகும் மருந்துகளைப் பூக்கும் பருவத்தில் தொடவே வேண்டாம். வேப்பெண்ணெய்தானே என்று பூவின் மேல் நேராக அடிப்பதும் சரியல்ல. இதில் நீங்கள் மாறாவிட்டால் எத்தனை ஆவாரை வைத்தும் பயன் இருக்காது. பூவைக் காட்டி வண்டை அழைத்து விஷம் கொடுத்ததாகத்தான் ஆகும்.

தங்க இடமும் வேண்டும். கருவண்டு காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டுக் கூடு வைக்கும். பட்ட கிளை ஒன்றிரண்டை வெட்டாமல் விடுங்கள். ஒரு பக்கம் கணு அடைத்த, பெருவிரல் தடிமனுள்ள காய்ந்த மூங்கில் துண்டுகளைக் கட்டாகக் கட்டி, மழை படாத தாழ்வாரத்திலோ பம்புசெட் சுவரிலோ படுக்கவாட்டில் தொங்கவிடுங்கள். நீலப்பட்டைத் தேனீ மண்ணில் குடையும், பழைய மண்சுவரிலும் குடையும். ஆகவே வேலியடியில் ஒரு பகுதியை உழாமல், மூடாக்குப் போடாமல், வெறும் மண்ணாக விட்டுவையுங்கள். அந்தி நேரத்தில் காய்ந்த குச்சி ஒன்றில் இந்தத் தேனீயின் ஆண்கள் வரிசையாக, குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு, உடம்பு அந்தரத்தில் நீட்டியபடி தூங்குவதைப் பார்க்க வாய்த்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

கொட்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆண் கருவண்டுக்குக் கொடுக்கே கிடையாது. முகத்துக்கு நேரே வந்து அந்தரத்தில் நின்று மிரட்டுவது பெரும்பாலும் அந்த ஆண்தான். தன் எல்லைக்குள் யார் வந்தது என்று பார்க்கும், அவ்வளவுதான். பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு, கையில் பிடித்து நசுக்கினாலோ கூட்டுத் துளையில் விரல் விட்டாலோ கொட்டும், வலிக்கவும் செய்யும். தானாக வந்து துரத்திக் கொட்டாது. மலைத்தேனீ போல் கூட்டமாகப் பாயும் வழக்கம் அதற்கு இல்லை, காக்கக் கூட்டமும் இல்லை. வீட்டில் யாருக்காவது தேனீ, குளவிக் கடிக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறிய அனுபவம் இருந்தால் மட்டும் மூங்கில் கட்டை வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள். மற்றபடி பிள்ளைகளிடம் கூட்டுத் துளையைக் குடையக் கூடாது என்று ஒரு முறை சொல்லிவைத்தால் போதும். உத்தரத்தையோ பந்தல் கழியையோ துளைக்கிறது என்றால் அந்தக் கட்டைக்கு மட்டும் எண்ணெய்ச் சாயம் பூசிவிட்டு, பக்கத்தில் மூங்கில் கட்டைத் தொங்கவிடுங்கள். சாயம் பூசிய கட்டையைவிடக் காய்ந்த மூங்கில்தான் அதற்குப் பிடிக்கும். இந்தப் புரட்டாசிக்கு விதை கையில் இல்லையென்றால் மேட்டை மட்டும் கட்டி, நொச்சிப் போத்தை ஊன்றிவிடுங்கள். ஆவாரை விதையை மாசியில் எடுத்து, காய்ந்த பாட்டிலில் கொஞ்சம் சாம்பல் கலந்து வைத்தால் அடுத்த புரட்டாசிவரை கெடாது.